லேப்டாப்பில் இருந்த நாடகம்

லேப்டாப் உயிர் பெறாமல் கறுப்புத் திரையோடு கிடந்ததில் ஒரே ஒருவருக்குத்தான் சந்தோஷம். அதன் சொந்தக்காரிக்கு.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். குடியிருப்பின் நாடகக் குழுவுக்கு இந்த முறை நானே நாடகம் எழுதித் தருகிறேன் என்று சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்துவிட்டார். அதற்கென்றே ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கினார். அரைப் பக்கம் ஓடியது. அதற்கப்புறம் தலைகீழாக நின்றும் ஒரு வரி வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், முடிந்த மாதிரிதான் என்று காதில் பூ சுற்றிக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலம் மொத்தக் குழுவும் வீட்டுக்கு வருகிறது. அந்த நேரம் பார்த்து லேப்டாப் மண்டையைப் போட்டது அவர் வயிற்றில் பாலை வார்த்தது.

அதுவும் மகள் மூக்கை நுழைக்கும் வரைதான். அவள் போன் போட்டுச் சொன்னதும் மாப்பிள்ளை மதியமே பையோடு வந்துவிட்டார். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவருக்குத் தொழில், அதில் நல்ல பெயரும் உண்டு. பழைய சாமான், தூக்கிப் போட்டுவிடலாம் என்று நூலகர் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை விடவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கெட்டிருக்கிறது, புதிதாகப் போட்டால் ஓடும், நாடகத்தை முதலில் காப்பாற்றிவிடலாம் என்றார்.

சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டார். ஹார்ட் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்து, உள்ளே இருந்ததை ஒரு பென் டிரைவுக்கு மாற்றினார். நூலகர் டீயோடு திரும்பியபோது திரையில் ஓர் எச்சரிக்கை நின்றது. இந்த பென் டிரைவில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சரியா?

நூலகருக்குச் சட்டென்று புரிந்தது. நாடகத்தை ஏற்றிய அதே பென் டிரைவிலேயே புது சிஸ்டத்தையும் ஏற்றப் போகிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூலகர் டீயை நீட்டினார். மாப்பிள்ளை 'சரி'யைத் தட்டினார்.

பிறகு ஹார்ட் டிஸ்கைத் திரும்ப மாட்டியதும், லேப்டாப்பில் பழையதையெல்லாம் துடைத்துவிட்டு, புது சிஸ்டம் ஆமை வேகத்தில் ஏறியது. நூலகர் அடுப்படியில் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினார். நாடகம் போச்சே என்று சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளவும் பழகிப் பார்த்தார்.

அதற்கு வேலை வரவில்லை. குழு வந்து உட்கார்ந்து, இயக்குநரான பல் டாக்டர் நாடகத்தைக் கேட்டதுமே மாப்பிள்ளை எழுந்தார். பென் டிரைவைத் தெரியாமல் அழித்துவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது என்றார்.

டாக்டருக்கு முகம் சுருங்கியது. "தொழிலே இதுதானே தம்பி உங்களுக்கு?"

கதாநாயகனாக நடிக்க இருந்த வேன் டிரைவர், தன் வீட்டு லேப்டாப்பை இவரிடம் தர இருந்ததாகவும் நல்லவேளை தப்பித்ததாகவும் சொன்னார். இன்னொருவர், தன் கடைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை காது சிவக்கத் தலை குனிந்து நின்றார். நூலகருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார். "அதுல நாடகமே இல்ல. வெறும் அரைப் பக்கம். அழியப்போகுதுன்னு திரையில வந்தப்பவும் நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். என் மானம் தப்பிச்சா போதும்னு வாயை மூடிக்கிட்டேன்."

மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ன அத்தை, கெடுத்துட்டீங்களே! மாத்தும்போதே நான் திறந்து பாத்துட்டேன். அதனாலதான் வேணும்னே அழிச்சேன். பழி என் தலையோட போயிருக்கும். நீங்க நிதானமா எழுதியிருக்கலாமே."

முதலில் வேன் டிரைவர்தான் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே டாக்டர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

நூலகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் பெயருக்காகத் தான் வாயை மூடிக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளை தன் பெயரையே தூக்கிக் கொடுத்திருக்கிறது. நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து மாப்பிள்ளை, நீங்கள், உட்காருங்கள் என்றே பேசிவந்தவர், மாப்பிள்ளை குடிக்காமலே விட்டு மேஜையில் ஆறிப்போய்க் கிடந்த டீயைக் கையில் எடுத்தார்.

"ஆறிடுச்சு. உட்காருப்பா, சூடா வேற போட்டுத் தரேன்."