விக்டோரியாவை மடத்துக்கு அனுப்பிய தெரு

விக்டோரியா கன்னியர் மடத்தில் சேரப்போகிறாள் என்று அந்தத் தெருவில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் காதில் விழுந்ததை அவரவர் கண்ணில் பட்டதோடு சேர்த்துக் கட்டினார்கள், அவ்வளவுதான். முதல் முடிச்சுப் போட்டவள் மதலேன்.

மதலேன், விக்டோரியாவின் அத்தை. அப்பா இஞ்ஞாசிக்கு அக்காள். தம்பி பெண்டாட்டி செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்து குசினிக்குள் நுழைந்தவள், போன வருஷம் போய் இந்த வருஷமும் பாதியாகிவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை. அடுப்பும் அவள் பொறுப்பு, தெருவும் அவள் பொறுப்பு.

அன்று மதியம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் விக்டோரியா வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

“அத்தை, எனக்கு மெட்ராசுல இடம் கெடச்சிருக்கு.”

“என்ன இடம்ளா?”

“நாலு வருசம். அங்கனயே தங்கணும். வெள்ளைச் சேலைதான் உடுத்தணும். முடியிற வரைக்கும் கல்யாணம் கூடாது. பொழுது சாஞ்சா கேட்டைப் பூட்டிருவாங்களாம்.”

என்ன படிப்பு என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் மதலேன் எழுந்துவிட்டாள். செதில் அப்பிய கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதாவே! எங்க வீட்டுலயா!” என்று ஒரு சத்தம். சாளை பூனைக்குப் போயிற்று, அத்தை தெருவுக்குப் போனாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவிலிருந்து தகரப் பெட்டியோடு வெள்ளைச் சேலைக்குப் போன பெண்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். இன்னொரு இடம் உண்டென்று மதலேன் எப்படிக் கண்டாள்? பிள்ளையும் அதற்கேற்றாற்போலத்தான் இருந்தது. அம்மா போனதிலிருந்து தலையில் பூ இல்லை, முகத்தில் சிரிப்பு இல்லை. பனிமயமாதா தேருக்கு ஊரே தெருவில் நின்றபோது உள்ளே உட்கார்ந்து அரிசி பொறுக்கியவள். தாயைக் குழிக்குள் இறக்கியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “கல்நெஞ்சுக்காரி” என்று அன்றைக்குச் சொன்ன அதே வாய்கள் இப்போது, “எனக்கு அப்பமே தெரியும், அது தேவ அழைத்தல்” என்றன. முன்பு சொன்னதைத் திருப்பி வாங்க அந்தத் தெருவில் யாரும் கூச்சப்பட்டதில்லை.

அழைத்தலாவது ஒன்றாவது. விக்டோரியாவுக்கு உள்ளே மரத்துப் போயிருந்தது. கால் மரத்தால் உதறிக்கொள்ளலாம். இதை எங்கே கொண்டுபோய் உதற? அம்மாவின் காய்ச்சலுக்கு முதலில் நேர்ச்சை, பிறகு கோயில் விளக்கில் எடுத்த எண்ணெய், அதற்குப் பிறகு தீர்த்தம் என்று வரிசையாகப் பார்த்து, ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் ஆஸ்பத்திரி. அங்கே வீடே அலறியபோது ஒரு நர்ஸ் மட்டும் அலறாமல் அம்மாவின் கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், தலையைக்கூடச் சீவிவிட்டாள். அழுதவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. விக்டோரியாவுக்கு அந்த நாளில் ஞாபகம் இருப்பது அந்தச் சீப்பு ஒன்றுதான்.

இதை அவள் சொல்லக் கேட்டுத்தான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்த சண்முகவடிவு டீச்சர் அவளை உட்கார வைத்து விவரம் சொன்னாள். “பள்ளிக்கூடப் படிப்போட போனா கிராமத்துல பிரசவம் பாக்குற வேலை. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனா மூணரை வருஷ டிப்ளமோ. நீ பி.யூ.சி.யில நல்லா மார்க் வச்சிருக்கே, எதுக்குக் கம்மியாக் கேக்கணும்? யுனிவர்சிட்டி டிகிரிக்குப் போ. பி.எஸ்சி. நர்சிங். நாளைக்கு நர்சுகளுக்கே நீ பாடம் எடுக்கலாம்.”

இஞ்ஞாசியிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிக்குத் தண்டல் அவர். கடலில் அவர் சொன்ன பக்கம்தான் தோணி திரும்பும். வீட்டிலும் அப்படித்தான் என்று நினைப்பு. “கண்ட ஆம்பளை மேலைத் தொட்டுத் தொடைக்கவாளா ஒன்னைக் காலேசுக்கு அனுப்புனேன்?” பேச்சு அதோடு முடிந்தது. டீச்சர் மட்டும் முடித்துக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தை அனுப்ப வைத்தாள். இடமும் கிடைத்துவிட்டது.

அந்த இஞ்ஞாசிதான் அன்று சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்தார். காற்றுக்காலம், தோணியைக் கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். வந்தவர் மகள் தலையில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். “ஒங்க அம்மை இருந்து பாக்கலியே தாயி.”

விக்டோரியா அவர் முகத்தைப் பார்த்தாள். ‘இல்லப்பா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், மெட்ராஸ் போய்விடும். சொல்லாமல் நின்றாள். துணிந்து ஏமாற்றினாள் என்றும் சொல்ல முடியாது. அழுகிறவருக்கு முகம் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு தெரு தன் பாட்டைப் பார்த்துக்கொண்டது. எதிர்வீட்டு பிளாரன்ஸ் இரண்டு வெள்ளைச் சேலை கொண்டுவந்தாள்; ஒன்றில் மடிப்பு மஞ்சளாகப் பழுத்திருந்தது, அதைச் சொல்லக் கூடாது. ஜெபமாலைகள் வந்து குவிந்தன. மருமகளுக்குப் பிள்ளை தங்க வேண்டும், மகனுக்கு ஹார்பரில் வேலை கிடைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி வாய் அடங்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு வேண்டுதலைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் வந்து அதையே கேட்டுவிட்டுப் போனாள். விக்டோரியா எல்லோருக்கும் தலையாட்டினாள். வேறு யாருக்கோ நடப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதுபோல இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் இஞ்ஞாசி துணி சுற்றிய வலது கையை அவள் முன்னால் நீட்டினார்.

“தோணி ஆணி கிழிச்சிட்டு. கோயில் எண்ணெய்தான் போடுதேன், கேக்கல. நீ தொட்டு ஒரு ஜெபம் சொல்லு. இப்பம் ஒன் சொல்லுக்கு அங்கன மரியாதை உண்டுல்லா.”

துணியை அவிழ்த்தாள். எண்ணெயும் சீழும் கலந்து நாறியது. உள்ளங்கை பழுத்து, மணிக்கட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அதே எண்ணெய். அதே வாசனை. அம்மாவின் நெற்றியில் நாள்கணக்காகக் காய்ந்த வாசனை.

“இது ஜெபத்துக்கு ஆறாதுப்பா. ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“என்னளா, நீயே இப்பிடிச் சொன்னா?”

“நான் மடத்துக்குப் போகல. நர்சுக்குப் படிக்கப் போறேன். நீங்க வேண்டாம்னு சொன்ன அதே படிப்பு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாங்க. பொறவு என்னைய எங்கயும் அனுப்ப வேண்டாம்.”

அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். குசினியில் மதலேன் கையிலிருந்த அகப்பை விழுந்தது. இஞ்ஞாசி அடிக்கக் கையை ஓங்கியிருப்பார். ஓங்குகிற கைதான் அவள் கையில் இருந்தது.

அதை விடாமலே அவரை ஆஸ்பத்திரிவரை கூட்டிப் போனாள். அங்கே ஓர் இளவயது நர்ஸ் வந்து அந்தக் கையைத் தன் மடிக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. மூக்கைப் பொத்தவில்லை. தண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

“நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா?”

“உடன்குடி ஐயா. பேரு இசக்கித்தாய். எங்க அப்பாவுக்குக் கருப்பட்டி ஏவாரம்.”

“இந்த வேலைக்கு ஒன்னைய விட்டுட்டாரா?”

“மொதல்ல மாட்டேன்னுதான் நின்னாரு. பொறவு அவருக்கே முதுகுல ராஜபிளவைக் கட்டி வந்துச்சு. யாரு கழுவுனான்னு நெனைக்கீங்க?” சிரித்தபடியே பஞ்சை மாற்றினாள். “ஆடாதீங்க ஐயா, நல்லா வலிக்கும் இப்பம்.”

இஞ்ஞாசி யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டார்: “டிகிரி நர்சுன்னு ஒண்ணு இருக்காமே?”

“ஆமா, நாலு வருசம். நான் மூணரை வருசம்தான். டிகிரிக்காரங்க வந்தா நாங்க எந்திரிச்சு நிக்கணும்.” விக்டோரியாவை ஒரு பார்வை பார்த்தாள். “இவங்களா? அப்போ நாளைக்கு என்னைய அதட்டப் போறது இவங்கதானா?”

திரும்பும் வழியில் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர், கோயில் முக்கில் நின்றார். “பெட்டிய மதலேன் அடுக்கிட்டாளா?”

“அடுக்கிட்டா.”

“சரி.”

அவ்வளவுதான். சம்மதமா என்று விக்டோரியா கேட்கவில்லை. மதலேனை மட்டும் இஞ்ஞாசி குசினிக்குள்ளேயே நிறுத்திவைத்தார். தெருவில் யாரிடமாவது மூச்சுவிட்டால் அவள் சொந்த வீட்டுக்கே போய்விடலாம் என்றார். மதலேனுக்கு அதற்குமேல் ஒரு தண்டனை கிடையாது. ஒரு ராத்திரி முழுக்க ஒரு சேதியை வாய்க்குள் வைத்திருந்தாள். அவள் செய்த ஒரே தவம் அதுதான்.

மறுநாள் சாயங்காலம் ரயில் நிலையத்துக்குத் தெருவே வந்தது. பிளாரன்ஸ் முன்னால் நின்று மாதா பாட்டை எடுத்துக் கொடுத்தாள். கிழவிகள் சன்னல் வழியாக விக்டோரியாவின் கையை இழுத்து இழுத்து முத்தம் வைத்தார்கள். அவள் கையை அவர்களிடமே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி கூவியது.

இஞ்ஞாசி சன்னல் கம்பியை இடது கையால் பிடித்தார்.

“கிறிஸ்மசுக்கு லீவு விடுவாங்கல்லா?”

“விடுவாங்கப்பா.”

பாட்டு ஒரு வரியில் தடுமாறியது. “மடத்துல ஏது லீவு?” என்றாள் பிளாரன்ஸ்.

“என் மக மடத்துக்குப் போகல,” என்று இஞ்ஞாசி திரும்பினார். தோணியில் பாய் இறக்கச் சொல்கிற சத்தம். “நர்சு படிக்கப் போறா. யுனிவர்சிட்டிப் படிப்பு. டிகிரி.”

பாட்டு நின்றது. மதலேன், “எனக்கு நேத்தே தெரியும்” என்று பெரிய பாரத்தை இறக்கிவைத்தாள்.

“அப்போ அந்த ரெண்டு வெள்ளைச் சேலை?” என்றாள் பிளாரன்ஸ்.

“அங்கனயும் வெள்ளைதான்ளா. பாட்டை முடி,” என்றார் இஞ்ஞாசி.

முடித்தார்களோ என்னவோ, வண்டி நகர்ந்துவிட்டது. அப்பாவின் கட்டுப் போட்ட கை கூட்டத்துக்கு மேலே தூக்கியபடி கொஞ்ச தூரம் தெரிந்தது. கட்டு சீழில் நனையாமல் இருந்தது. அதைத்தான் விக்டோரியா பார்த்தாள். இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். உப்பளம் வந்தது, போனது. வரவில்லை. பெட்டியைக் காலுக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு, எதிர்சீட்டுக் குழந்தையின் முழங்காலில் ஈ மொய்த்த புண்ணைச் சற்று நேரம் பார்த்தாள்.

“இதைக் கழுவுனீங்களா?” என்று அதன் தாயிடம் கேட்டாள்.