பவுண்டில் அடைத்த இடிமழை

அந்தக் கோடையில் மொட்லாபெங்குக்கு வந்த ஒரே இடிமழையை, சொந்தக்காரர் தெரியாத மாடு என்று எங்கள் ஊர்க்காரர்கள் பிடித்து, வழிதவறிய மாடுகளைப் பூட்டிவைக்கும் பவுண்டில் அடைத்தார்கள். கயிறு போட்டு இழுத்துப்போன ஆண்கள் இன்னமும் உயிரோடுதான் இருக்கிறார்கள். கேட்டால், அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்பார்கள். பெருமையடிக்க என்றால் முன்வரிசை, பதில் சொல்ல என்றால் ஊரே காலி. எங்கள் ஊரின் லட்சணம் அது.

அக்டோபரில் வட்டார வானிலை அலுவலகத்திலிருந்து மொலெஃபி என்பவர் வந்து, ஊர்மன்றத்து முள்மரத்தடியில் கோடைக்கான முன்னறிவிப்பை வாசித்திருந்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் வெப்பம், ஆங்காங்கே இடியுடன் மழை. வருஷா வருஷம் அவர் வாசிப்பது இதைத்தான்; தாள் மட்டும் புதிது. "ஆங்காங்கேன்னா எங்கய்யா?" என்று ஊர்த் தலைவர் லெடிமோ கேட்டார். "அங்கங்கதான் தலைவரே" என்றார் மொலெஃபி. இந்த அரிய விளக்கத்துக்கு ஊர் கைதட்டியது. ஒவ்வொருவரும் அது தன் வயல்தான் என்று தீர்மானித்து, வீட்டுக்குப் போய்க் களியும் கறியும் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

நவம்பரில் வெயில் ஏறியது. மதியமானால் நிழல்கள் ஆட்களை விட்டுவிட்டு முள்மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. சாயங்காலம் அவரவர் நிழலை அவரவர் போய் அதட்டிக் கூட்டிவந்தார்கள். தலைவருடைய நிழல் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்ப் படுத்துவிடும். குளிர்காலத்திலும் அது அப்படித்தான். விதைத்தவர்களின் சோளம் மண்ணுக்குள்ளேயே பொரிந்துபோனது. கெலெபோன்யேயின் வயலில் மட்டும், கழுதை பூட்டி ஆழமாக உழுது போட்ட விதை இன்னும் உயிரோடு கிடந்தது. புருஷன் செத்தபிறகு இரண்டு கோடை அவளுக்குப் பொய்த்துவிட்டது. மூன்றாவதும் பொய்த்தால், அந்தக் குடும்பத்து வழக்கப்படி வயல் புருஷனின் அண்ணன் ராமாபுவுக்குப் போய்விடும். அவளும் இரண்டு பெண்களும் சோற்றுக்கு யார் வாசலிலாவது நிற்க வேண்டியதுதான். ராமாபு தினமும் வந்து வயலைச் சுற்றி நடப்பார், "பாவம், பாவம்" என்பார், மறுபடி சுற்றி நடப்பார். மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பாட்டியின் நிறத்தைச் சொல்லும் கண் தன்னுடையது என்று பீற்றிக்கொள்ளும் மனிதர் அவர்.

டிசம்பரில் ஒரு காலை, கெலெபோன்யேயின் காலித் தொழுவத்தில் இடிமழை நின்றுகொண்டிருந்தது. கருத்து, தணிந்து, இரண்டு குடிசை அகலத்தில் மூச்சு வாங்கியபடி நின்றது. முள்வேலிச் சந்து வழியாக வந்திருக்க வேண்டும். அவள் தொட்டியில் தண்ணீர் வைத்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அது கன்று போட்டது. ஆட்டுக்குட்டி அளவில் சாம்பல் நிற மேகம், ஈரமாக, தள்ளாடிக்கொண்டு. தாய் அதை நக்கிய இடத்தில் தூறல் விழுந்தது. வெயில் படக் கூடாதென்று அவள் கன்றைத் தூக்கிப்போய் அடுப்படிக் குடிசையில் படுக்கவைத்தாள். அவள் உள்ளே இருந்தபோது ராமாபு வேலிக்கு மேலாகத் தாயை மட்டும் பார்த்துவிட்டு மன்றத்துக்கு ஓடியிருந்தார். வழிதவறி வந்த மாட்டைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது எங்கள் பக்கம் திருட்டு.

ஆண்கள் கயிறோடு வந்தார்கள். "தலைவரே, கும்பிட்டுக் கேக்கறேன். ரெண்டு நாள் என் வயல்ல நிக்கட்டும், அப்புறம் ஓட்டிட்டுப் போங்க" என்று அவள் கெஞ்சினாள்.

"அடுத்தவன் மாட்டுல பால் கறக்கப் பாக்கறியா?" என்றார் ராமாபு. எல்லோரும் சிரித்தார்கள். கன்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மன்றத்துக்குப் பக்கத்துப் பவுண்டில் இடிமழை இரவும் பகலும் கத்தியது. ஒரு சொட்டு விடவில்லை. தேவாலயப் பாடகர்கள் வந்து பாடினார்கள். மேளம் அடித்தார்கள். மொலெஃபி கருவிகளோடு வந்து, வேலிக்கு வெளியே பத்திரமாக நின்று அளந்து, மழைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று அறிவித்தார். சாணியில் பிறந்து சாணியில் வளர்ந்த ஊர், பால் கட்டிய மடியைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, கன்றைத் தேடாமல் மேளம் அடித்தது! சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வானொலியில் அறிவிப்பு வந்தது: சொந்தக்காரர் வந்து, மன்றத்தில் சூட்டுக்குறியையும் அடையாளத்தையும் சரியாகச் சொல்லி ஓட்டிக்கொண்டு போகலாம். எங்கெங்கிருந்தோ கூட்டம் வந்தது. எல்லோருக்கும் திடீரென்று ஒரு மேகம் தொலைந்திருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் உளறினார்கள். கடைசியில் ராமாபு எழுந்து தொப்பியைக் கழற்றினார். "எங்க தாத்தா காலத்து வம்சம் தலைவரே. இடது விலாவுல மின்னல் மாதிரி சூடு. இன்னும் கன்னு போடாத கிடாரி." விலாவில் மின்னல் இருந்தது. தலைவர் கயிற்றை எடுத்துக்கொடுக்கக் கை நீட்டினார்.

மன்றத்தில் பெண்கள் தோளைப் போர்வையால் மூடித்தான் உட்கார வேண்டும். எனவே அந்தக் கொதிப்பில் கெலெபோன்யே முதுகில் கனமாக எதையோ கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "யாரு புள்ளடி அது? முதுகெல்லாம் நனைச்சிருக்கு" என்று மட்டும் பக்கத்துப் பெண் கேட்டாள். கெலெபோன்யே எழுந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க பெரியவரே. கிடாரியா?"

"கிடாரிதான்! என் கண்ணு தப்புமா?"

அவள் முடிச்சை அவிழ்த்தாள். கன்று வழுக்கி இறங்கி, ஒரு சின்ன இடி இடித்து, பவுண்டு வேலிக்குள் புகுந்து தாயின் வயிற்றை முட்டியது. அவ்வளவுதான், தாய் மடி சுரந்து மழை கொட்டியது. தலைவர், மொலெஃபி, பாடகர்கள், ராமாபுவின் கையிலிருந்த தொப்பி எல்லாம் நனைந்து வழிந்தன. தன் மாடு ஈன்றதே தெரியாத சொந்தக்காரரைப் பார்த்து, மழையில் நின்றபடி பெண்கள் சிரித்த சிரிப்பு அடுத்த ஊருக்குக் கேட்டது.

வயிறு நிறைந்த கன்று கெலெபோன்யேயின் பின்னால் வீட்டைப் பார்த்து நடந்தது. கன்றுக்குப் பின்னால் தாய், தாய்க்குப் பின்னால் ஊர். தன் வயலைக் கடக்கும்போது தலைவர் தயங்கித் தயங்கி, "இந்தாம்மா, இங்க ஒரு நிமிஷம் நிறுத்தினா என்ன?" என்றார்.

"அடுத்தவ மாட்டுல பால் கறக்கப் பாக்கறீங்களா தலைவரே?" என்றாள் அவள், திரும்பாமலே.

சோளம் ஆள் உயரம் வந்தது. வயல் அவளுடையதாகவே இருந்தது. இப்போதெல்லாம் மொலெஃபி அக்டோபரில் வந்து, வழக்கத்தைவிடக் கூடுதல் வெப்பம், கெலெபோன்யேயின் தொழுவத்தில் காலையும் மாலையும் இடியுடன் மழை என்று வாசிக்கிறார். முதல்முறையாக அவர் முன்னறிவிப்பு பலிக்கிறது. மரியாதையாகக் கேட்கிறவர்கள் வயலுக்கு அவள் தாயை ஓட்டி அனுப்புகிறாள். கன்று வளர்ந்து, சினைப்பட்டிருக்கிறது. மறுபடி யாரும் பவுண்டுக்கு இழுத்துப்போகாதபடி, போன மாதம் அதன் விலாவில் அவள் பெயருக்குச் சூடு போட்டார்கள். துள்ளாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டவர் ராமாபு.