ஜம்பு கட்டிய பூப்பொட்டலம்

ஜம்பு முப்பது வருஷம் ஃபோர்ட் வட்டாரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஊரார் ஆயுளுக்கு விலை போட்டவர். அறுபது வயதுக்காரர் பாலிசி கேட்டால், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ரிஸ்க் ஜாஸ்தி சார்" என்று அனுப்பிவிடுவார். ரிடையரான பிறகு அந்த ரிஸ்க் அவருடைய மாதுங்கா வீட்டுக்கே வந்து, மூன்றாம் மாடியில், ஈஸிசேரில் உட்கார்ந்துகொண்டது. பெயர் வாலாம்பாள், வயது அறுபத்தொன்று, அவருடைய மனைவி.

அவள் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. படுத்தால் அதைவிட மோசம். மாடியைவிட்டு இறங்கி ஆறு மாதமாகிறது. நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு வால்வை விலக்கிவிடலாம் என்றார் பெரிய டாக்டர். "இந்த வயசிலே பத்துப் பேருக்குப் பண்ணினா ரெண்டு பேர் பிழைக்கறதில்லை. பண்ணாட்டா, ஒண்ணு ரெண்டு வருஷம் இப்படியே நாற்காலியில ஓடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஜம்பு யோசித்தார். கணக்கு என்னமோ ஆபரேஷன் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அந்தப் பத்துப் பேரையும் மனசில் நிற்கவைத்துப் பார்த்தபோதெல்லாம், பிழைக்காத இருவரில் ஒருத்தி வாலாம்பாள் சாயலில் இருந்தாள். மற்ற எட்டுப் பேரின் முகமே தெரியவில்லை.

"பூ கட்டிப் பார்த்துடலாம்," என்றார் கடைசியில். "மல்லிப்பூ வந்தா ஆபரேஷன், செவ்வரளி வந்தா வேண்டாம். பகவான் சொல்லட்டும்."

"பகவான் இருக்கட்டும், நீங்க என்ன சொல்றேள்?"

"நான் யாரு சொல்றதுக்கு?"

"அதுவும் சரிதான்," என்றாள் வாலாம்பாள்.

கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருவில் பூ வாங்கி வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாழையிலைக் கிழிசலில் இரண்டு பொட்டலம் கட்டினார். சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சுவாமி முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். "எடு."

வாலாம்பாள் ஒன்றை எடுத்தாள். பிரிக்கவில்லை, மூக்கருகே கொண்டுபோனாள். கீழே வைத்தாள். இன்னொன்றையும் முகர்ந்தாள்.

"ஏன்னா, உங்களை நம்பி ஒரு கம்பெனி முப்பது வருஷம் நடந்துதா? மல்லின்னா வாசனை வராதோ? ரெண்டும் அரளி. எனக்கு இதயம்தான் கெட்டிருக்கு, மூக்கு நன்னாத்தான் இருக்கு."

"பத்துல ரெண்டு பேர், வாலா..." என்றார் ஜம்பு.

"மிச்சம் எட்டுப் பேர் எழுந்து ஆத்துக்குப் போறாளே, அவா உங்க கண்ணுல படலையா? உங்க மூஞ்சியைப் பார்த்தாலே காய்க்கார பாஜிவாலா 'ஆவோ சாப்'னு முத்தல் வெண்டைக்காயையெல்லாம் தலையில கட்டிடறான். ரெண்டு வருஷம் அதைத் திங்கறதுக்கு அந்த டாக்டர் விரலே தேவலை. நானே மார்க்கெட்டுக்குப் போகணும், நுனியை ஒடிச்சுப் பார்த்து வாங்கணும்." பிறகு குரல் தணிந்தது. "பயமாத்தான் இருக்குன்னா. இல்லேன்னு சொல்லலை. ஆனாலும் டாக்டர்கிட்ட சரின்னு சொல்லிடுங்கோ. வரச்சே தலைக்கு நிஜ மல்லியா வாங்கிண்டு வாங்கோ."

ஜம்பு இறங்கி ஓடினார். மூலைக் கடையிலிருந்து டாக்டருக்குப் போன் பண்ணிச் சரி சொன்னார். ஒரு முழம் கேட்டு, இரண்டு முழமாக வாங்கிக்கொண்டு, மூன்று மாடியும் நிற்காமல் ஏறி, வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்றார்.

வாலாம்பாள் ஈஸிசேரிலிருந்தே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னன்னா, ஆஸ்பத்திரியில ரெண்டு கட்டிலாச் சொல்லிடலாமா?"