திறப்பு விழாவுக்கு முன்

பெஞ்சுக்கு அடியில் ஐஸ் கரைந்து வாசல்வரை ஓடுகிறது, மீன் ஏலக்கூடத்திலிருந்து கோணியில் சுற்றிக் கொண்டுவந்த ஐஸ், மல்லிகையையும் ஊதுவத்தியையும் மீறி அதன் வாடை வீட்டை நிறைக்கிறது, பெஞ்சின் மேல் என் வீட்டுக்காரர், நேற்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்படியே சாய்ந்தவர், மீன் தின்றால் கையை முகர்ந்து முகர்ந்து சோப்புப் போடுகிற மனுஷனுக்கா இது, ஐயோ, விசிறிக்கொண்டே இருக்கிறேன், சித்திரை வெயில் ஓட்டைப் பிளக்கிறது, நாளை மத்தியானம்தான் பிலேமோன் வருவான், எங்களுக்கு ஒரே பிள்ளை, குவைத்திலிருந்து வரவேண்டும், அம்மா, அப்பா முகத்தை ஒரு தடவை பாத்துடறேம்மா, அதுவரைக்கும் வச்சிருங்கம்மா என்று போனில் கதறினான், வச்சிருக்கேன்டா கண்ணு என்று சொல்லிவிட்டேன், கோயிலில் ஐஸ் பெட்டி இருக்கிற தைரியத்தில் சொன்னேன்.

எங்கள் லுத்தரன் சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா, அதன் நினைவாக ஊருக்கு ஒரு சேவை செய்யவேண்டும் என்று இவர்தான் வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டி அந்த ஐஸ் பெட்டியை வாங்கவைத்தார், இறந்தவர்களைக் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி, சாதி மதம் பாராமல் இலவசம், விழாவுக்கு வேற நல்ல பொருளே கெடைக்கலையா உங்களுக்கு என்று நான் கேலி செய்கிறேன், போடி, பாவப்பட்டவன் செத்தாலும் மரியாதையாப் போவணும்டி என்று சிரிக்கிறார், சிரிப்பு காதில் கேட்கிறது, உதடு அசையவில்லை, விசிறி என் கையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்து திறக்கும்வரை யாருக்கும் பெட்டியைத் தரக்கூடாது, கமிட்டிக்காரர் வீடு என்று சலுகையும் கூடாது, அப்படித் தீர்மானம் போடவைத்ததும் இவரேதான், கோயில் பாத்திரமும் நாற்காலியும் கமிட்டிக்காரர் வீட்டு விசேஷத்துக்கே முதலில் போகிறது என்று ஊர் பேசியது கமிட்டியில் இருந்த இவருக்குப் பொறுக்கவில்லை, உங்க நேர்மையில இடி விழ என்று இப்போது அவர் முகத்துக்கு நேரே திட்டுகிறேன், திட்டிவிட்டு நெற்றியைத் தடவுகிறேன்.

செயலாளர் நவமணி வாசற்படியில் நின்று அழுகிறார், அக்கா, அண்ணன் போட்ட தீர்மானம்க்கா, அவருக்கே மீறுனா நாளைக்கு அவரைத்தான பேசுவாங்க, நான் என்னக்கா செய்வேன் என்கிறார், சபைகுரு பேராயருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார், எடுக்கவில்லை, டவுனில் இருக்கிற வாடகைப் பெட்டிகளும் வேறு சாவு வீடுகளுக்குப் போய்விட்டன, இன்னும் ஐஸ் வருகிறது, கரைகிறது, சனிக்கிழமை வெயில் சாயும்போது அவர் முகம் வேறு யாருடைய முகம்போலவோ ஆகிறது, இதுக்கு மேல வைக்க வேண்டாம்மா என்று சபைகுரு மெதுவாகச் சொன்னார், நான் தலையாட்டினேனோ என்னவோ, சவப்பெட்டியை மூடிக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப்போக வேறு வழியில்லை, கோயில் வளாகத்துக்குள் நுழைந்துதான் போகவேண்டும், விருந்து நடக்கிறது, பிரியாணி மணக்கிறது, எங்களைக் கண்டதும் பேராயர் எழுந்துவந்து என் கையைப் பிடிக்கிறார், பிரயாணத்துல போன் அணைஞ்சு போச்சும்மா, ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா பெட்டிய எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பேனே என்கிறார், சரிங்க ஐயா என்றேன். திரும்பினால் பிலேமோன் நகரவில்லை, பையைத் தோளிலிருந்து இறக்காமல் பெட்டிக்கு முன்னால் நிற்கிறான், பூ வைத்து, விளக்கெரிய, காலியாக, சில்லென்று இருக்கிறது, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான், இது இருந்துமாம்மா என்றான், யாரைக் கைகாட்டுவேன் நான், அப்பா சொல்லித்தாண்டா என்கிறேன், எனக்கே அது பதிலாகப் படவில்லை, இது இருந்துமாம்மா என்று மறுபடியும் கேட்கிறான், பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறான்.