மறக்காத பெட்டி

டோரதிக்கு அந்தப் பழைய ஸ்விட்ச் மேல் அப்படியொரு கர்வம். அவள் பார்த்துக்கொள்ளும் ஆம்பூர் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி அது. கட்டளையைத் தட்டிய கணமே தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் ஒன்றையும் மறக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மெஷின்களை நிறுத்தி மெயினை இறக்குவது கம்பெனி வழக்கம். "உங்க ரூமுக்கும் சேத்து இறக்கட்டுமா மேடம்?" என்று எலக்ட்ரீஷியன் ஹயாத் பாஷா ஒருமுறை கேட்டார். "தாராளமா இறக்குங்க பாய், எம் பொட்டி எதையும் மறக்காது" என்று பெருமை பீற்றிக்கொண்டவள் அவள்தான். அன்றிலிருந்து அதுவும் வழக்கமாகிவிட்டது.

2004-ல் புது ஸ்விட்ச் வந்தது. செய்கிற வேலை அதேதான், உள்ளே ஓடும் சிஸ்டம் வேறு. பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

"படிச்சவங்கதானே நீங்க, இன்னாத்துக்கு ட்ரெயினிங்?" என்றார் மேனேஜர் நயீம் அகமது. "ஒரு வாரம் பாக்கறேன். முடியலேன்னா இந்த வேலைய சென்னைக்காரங்க கிட்ட குடுத்துடுவேன்."

அடப்பாவி! இத்தனை வருஷ உழைப்புக்கு இதுதான் மரியாதை.

புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, வியாழக்கிழமை எல்லாவற்றையும் தட்டி முடித்தாள். கட்டிங், ஸ்டிச்சிங், டிஸ்பாச் எல்லாம் ஜம்மென்று ஓடின. நயீம் அகமதுவே எட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்றார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநாள் ஜும்மா முடிந்து மெயின் ஏறியது. புதுப்பெட்டியில் விளக்கு எரிந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. டோரதி மறுபடி புத்தகத்தைப் புரட்டினாள். தட்டியதைச் சேமிக்க இதற்குத் தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அதைப் படித்தும்தான் இருந்தாள். பழைய பெட்டிக்குப் பழகிய விரல் அதைத் தட்டவேயில்லை. பாழாய்ப்போன பழக்கம்!

டிஸ்பாச்சில் லாரி நின்றது, பில் அடிக்க வழியில்லை. காயலான் கடைக்குப் போக மூலையில் கிடந்த பழைய பெட்டியை இழுத்துவந்து ஒயர்களை மாட்டினாள். ஒன்றுமே நடக்காதது போல் அது ஓடத் தொடங்கியது.

"லாரி போய்டுச்சு சார்" என்றாள், மூச்சு வாங்க.

"பாத்தேன்மா. பொட்டி அது வேலையக் கரெக்டா செஞ்சிடுச்சு." நயீம் அகமது கையை நீட்டினார். "திங்கக்கெழம சென்னைக்காரங்க வர்றாங்க. ரூம் சாவியக் குடுத்துட்டுப் போங்க."