மாதா ஏறினால் ஆடும் வண்டி

அன்று மதியம் கோயில் முற்றத்தில் நின்றவர்கள் ஆறு பேர்: பிக்கப் வண்டிக்கு உரியவரான மத்தியாஸ், அவருடைய மகன் கிளீட்டஸ், மருமகள் சகாயசெல்வி, வடசேரியிலிருந்து வந்த மெக்கானிக் ராஜகுமார், திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ஞானதாசன், மிக்கேல் அதிதூதரைச் சுமக்கும் லாரிக்கு உரியவரான இஞ்ஞாசி. ஏழாவதாக ஒருவரும் இல்லை. பிற்பாடு 'நானும் அங்கேதான் நின்னேன்' என்று சொன்னவர்கள் எல்லாரும் உண்மையிலேயே நின்றிருந்தால், முற்றம் போதாமல் கடலுக்குள் இறங்கித்தான் நின்றிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டுத் திருவிழாவின் கடைசி நாள் அது. ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் தேர்ப்பவனி. மத்தியாஸ் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். கொடியேறிய நாள் முதல் அவர் சரியாகத் தூங்கவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனாலும் முதுகைச் சாய்க்கவில்லை. எதிரே இஞ்ஞாசி நிற்கும்போது சாய்வதற்கு அவருக்கு மனம் வராது.

அவருடைய வண்டியின் மேல், மரப்பீடத்தில், மாதா நின்றாள். வண்டியின் அடியில் ராஜகுமாரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்த ஊரில் மாதா மத்தியாசின் குடும்பத்து வண்டியில்தான் போவாள். தோளில் தூக்கிப் போன காலத்தில் முன்கம்பில் வலதுபக்கத் தோள் அவர்கள் வீட்டுத் தோள். பிறகு மாட்டுவண்டி வந்தது, அதுவும் அவர்களுடையது. அதன்பின் மோட்டார் வண்டி. மாதாவுக்கு முன்னால் காவல்காரனாக மிக்கேல் அதிதூதர் போவார்; அவர் இஞ்ஞாசி குடும்பத்தின் பொறுப்பு. இந்த ஒழுங்கில் ஒரு குறையும் இருந்ததில்லை, அதற்கு முந்தின வருடம் இஞ்ஞாசி புது லாரி வாங்கும்வரை. லாரி உயரம். பவனி கடைத்தெருவில் திரும்பியபோது மத்தியாஸ் நிமிர்ந்து பார்த்தார். காவல்காரனின் தலை ராணியின் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. வேறு யாராவது அதைக் கவனித்தார்களா என்பது தெரியாது. அவர் கவனித்துவிட்டார், அது போதும்.

"வண்டிய உசத்துலே" என்றார் மகனிடம்.

கிளீட்டஸ் ஷார்ஜாவில் ஒரு கேரேஜில் வேலை பார்த்தவன். அங்கே மணலில் ஓட்டுவதற்காக ஜீப்புகளை உயர்த்திக் கொடுப்பார்கள். அவன் பின்பக்கத்து ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே, லேத்தில் கடைந்து வாங்கிய இரும்புக் கட்டையையும் வைத்தான். வண்டி ஒரு சாணுக்கு மேல் உயர்ந்தது. மூன்று வாரம் குழித்துறைச் சந்தைக்கு ஓடியது. ஒரு குறையும் இல்லை.

திருவிழாவின் எட்டாம் நாள் வண்டியைக் கழுவி, எலுமிச்சம்பழம் தேய்த்து மீன்வாடை போக்கி, பீடத்தைக் கட்டி, மாதாவை ஏற்றி வெள்ளோட்டம் விட்டார்கள். நின்ற வண்டியைக் கிளப்பியதும் அடியிலிருந்து கடகடவென்று ஒரு நடுக்கம் எழுந்து பீடத்துக்கு ஏறியது. மாதாவின் கிரீடம் ஆடியது. கழுத்து மாலை கிலுங்கியது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் நின்றுவிட்டது. மறுபடி நிறுத்தி எடுத்தால் மறுபடி நடுக்கம். பவனியில் வீட்டுக்கு வீடு நிறுத்தி எடுக்க வேண்டும்.

அந்த இரண்டு நாளில் சக்கரங்களைக் கழற்றி மாட்டினார்கள். கிளட்சைப் பிரித்துப் பார்த்தார்கள். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் மூட்டாக இருக்கும் கிராஸைப் புதிதாகப் போட்டார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. ஊர் வேறு காரணம் கண்டுபிடித்துவிட்டது: மாதாவுக்கு மத்தியாஸ் வண்டியில் ஏற மனமில்லை.

"அண்ணே, நாலு மணிக்குள்ள சரியாவல்லேன்னா மாதா இஞ்ஞாசி அண்ணனுக்க சின்ன வண்டியில ஏறுவா. கமிட்டி முடிவு, எனக்க முடிவு இல்ல" என்றார் ஞானதாசன். சொல்லும்போது அவர் மத்தியாசின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் கேக்கல்ல வே" என்றார் இஞ்ஞாசி. "தந்தா வேண்டாம்னு சொல்லுததுக்கு நான் ஆரு?"

"வண்டியக் கழுவி வச்சிருக்கியா?" என்று கேட்டார் மத்தியாஸ்.

"வச்சிருக்கேன்."

"கேக்காதவன் எதுக்கு வே கழுவுன?"

இஞ்ஞாசி சிரித்துக்கொண்டு பீடி பற்றவைக்கப் போனார். கோயில் முற்றம் என்பது நினைவுக்கு வந்து காதில் சொருகிக்கொண்டார்.

ராஜகுமார் வெளியே வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். "அண்ணாச்சி, எனக்கு ஒரு எளவும் பிடிகிட்டல்ல. பார்ட்டு எல்லாம் நல்லாத்தான் கெடக்கு. நேத்து உம்ம மகன் கிளட்சுன்னாரு, நான் கிராசுன்னேன். ரெண்டு பேரும் தோத்தாச்சு."

"ஷார்ஜால நான் உசத்தின வண்டி ஒண்ணும் ஆடுனதில்ல" என்றான் கிளீட்டஸ்.

"அப்பம் மாதாவ ஷார்ஜாவுக்குக் கொண்டு போவும்."

அதுவரை பூமாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த சகாயசெல்வி திரும்பினாள். குழித்துறைச் சந்தையில் மீன் விற்பது அவள்தான். தினமும் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து போய் வருகிறவள்.

"மாமா, இது மீனு ஏத்துனா ஆடாதே."

"சும்மா இரி பிள்ளே" என்றான் கிளீட்டஸ்.

"எதுக்கு சும்மா இருக்கணும்? விடியக்காலம் சுங்கான்கடையில சாயா வாங்கிட்டு வண்டியிலதானே குடிக்கேன். உசத்துனதுக்குப் பெறகும் ஒரு சொட்டு எனக்க சேலையில சிந்தல்ல. மாதா ஏறுனாத்தான் ஆடுது. அதாக்கும் ஊர்க்காரங்களுக்கு நாக்கு நீளுது."

ராஜகுமார் கையைத் துடைப்பதை நிறுத்தினான். "காலி வண்டியா எப்பம் ஓட்டுனிய?"

கிளீட்டஸ் யோசித்தான். "காலியா எதுக்கு ஓட்ட? போவும்போ மீனு. வரும்போ பிளான்ட்ல இருந்து ஐஸு."

"ஒருநாள்கூட காலியா ஓட்டல்லியா?"

"இல்ல."

ராஜகுமார் மறுபடி வண்டிக்கு அடியில் போகவில்லை. பின்பக்கம் குனிந்து பார்த்தான். மத்தியாசும் எழுந்து போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஷாஃப்ட் கியர் பெட்டியிலிருந்து இறங்கி, அச்சுக்குச் சேரும் இடத்தில் மடங்கிய மணிக்கட்டு மாதிரி நின்றது. வண்டியைத் தூக்கியபோது அச்சு கீழே தங்கிவிட்டது. நடுவே இருந்த ஷாஃப்ட் சரிவாகிவிட்டது. முன்முனையில் ஒரு மடிப்பு, பின்முனையில் அதைவிடப் பெரிய மடிப்பு. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றின் உதறலை மற்றது வாங்கிக்கொள்ளும். சமமில்லாவிட்டால் இழுவை விழும்போதெல்லாம் உதறும். ஐஸும் மீனும் ஏறினால் ஸ்பிரிங் அமர்ந்து மடிப்பு நிமிர்ந்துவிடுகிறது. மாதா மரச்சிலை. உள்ளே குடைந்தது. நாலு பேர் தூக்கிவிடலாம்.

"கனமில்லாததாக்கும் கேடு" என்றான் ராஜகுமார். "பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல சரிவா ஒரு ஆப்பு வச்சு அச்சத் திருப்பி விட்டா தீந்துது. ஆனா இண்ணைக்கு ஞாயித்துக்கிழம. வடசேரியில ஒரு லேத்தும் திறக்கமாட்டான்."

"அப்பா, கட்டைய எடுத்துரலாம்" என்றான் கிளீட்டஸ். "ரெண்டு மணிக்கூர் வேல."

"எடுத்தா எவ்வளவு இறங்கும்?"

கிளீட்டஸ் கையை விரித்துக் காட்டினான். மத்தியாஸ் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முற்றத்தின் மறுகோடியில், லாரியின் மேல், வாளை ஓங்கி நின்ற அதிதூதரைப் பார்த்தார்.

"எடுக்க வேண்டாம்."

"கனத்துக்கு மணல் மூட்ட ஏத்துவமா?" என்று கேட்டான் கிளீட்டஸ்.

"எந்த மணல்? கடப்பொறத்து மணலா? காலம்பற ஊருல பாதிப்பேரு குத்தவைக்குத இடத்துலயிருந்து அள்ளி மாதாக்க காலுக்கு அடியில வைக்கியா?"

"அப்பம் நாலு பேரு ஏறி இருப்போம்."

"மாதா நிக்குத வண்டியில ஆளு ஏறக்கூடாது" என்றார் ஞானதாசன். "அது நம்ம ஊருக்க வழக்கம்."

வெயில் ஓட்டுக்கூரையில் அடித்துத் திரும்பியது. மத்தியாசுக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடலாம் போலிருந்தது. ஒரு சாண் உயரத்துக்காக இத்தனை பேரை வெயிலில் நிறுத்தியிருக்கிறோம் என்ற எண்ணம் வந்தது. அதை அவர் துண்டை உதறுவதுபோல உதறினார்.

"ஐஸு எதுல செய்யுதான்?" என்று கேட்டார்.

"தண்ணியில" என்றாள் சகாயசெல்வி.

"நல்ல தண்ணியா?"

"குடிக்குத தண்ணி, மாமா."

"அப்பம் ஐஸ ஏத்துங்க. மீன்பெட்டி ஒண்ணும் வரக்கூடாது. புது உமி, புதுப் படுதா."

மூன்றேகால் மணிக்கு ஐஸ் வந்தது. பீடத்தின் கால்களுக்கு நடுவே உமி பரப்பி, ஐஸ் பார்களை அடுக்கி, மேலே நீலப்பட்டுத் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். பார் ஏற ஏற வண்டியின் பின்பக்கம் அமர்ந்தது. வழக்கமான பாரம் ஏறி முடிந்ததும் கிளீட்டஸ் வண்டியைக் கிளப்பி, நிறுத்தி, மறுபடி எடுத்தான். கிரீடம் அசையவில்லை. மாலை கிலுங்கவில்லை. ஞானதாசன் சிலுவை போட்டுக்கொண்டார்.

மத்தியாஸ் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையும் பட்டையும் கொடுத்த உயரத்தில் ஒரு சாண் போக மீதியை ஐஸ் தின்றுவிட்டது. மாதாவின் தலையும் அதிதூதரின் தலையும் இப்போது ஒரே மட்டம்.

இஞ்ஞாசியும் அதைக் கண்டார். "சமம் ஆச்சு வே" என்றார்.

"கண்ணு தெரியுதுதானே ஒனக்கு" என்று சொல்லிவிட்டு மத்தியாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டார். மறுபடி ஏதாவது செய்யச் சொல்ல அவரிடம் வலுவில்லை.

பவனி நாலரைக்குக் கிளம்பியது. மூன்று தெருவில் ஒரு சிறு அசைவும் இல்லை. நாலாவது தெருவில், பட்டுத்துணியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முதலில் ஒரு குழந்தை கையை நீட்டியது. அடுத்து ஒரு பெண் உள்ளங்கையில் ஏந்தி நெற்றியில் வைத்தாள். "மாதா கண்ணீரு வடிக்கா!" என்று யாரோ கூவினார்கள். பேண்டு வாத்தியம் பாதியில் நின்றது. பெண்கள் முட்டுப்போட்டார்கள். இரண்டு மூன்று குரல், 'அந்தக் குடும்பத்துக்க வண்டியில ஏத்துனா அழமாட்டாளா' என்றது. அவற்றை அமுக்கிக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு குரல், 'அற்புதம், அற்புதம்' என்றது.

கிளீட்டஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான். "அப்பா, ஒண்ணும் பேசாதீங்க. இனி நம்ம வண்டிக்கு நேர ஒருத்தனும் கை நீட்டமாட்டான். நம்ம பேரப்பிள்ளை காலம்வர."

அது உண்மைதான் என்று மத்தியாசுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். நிற்பதும் அவருக்கு அந்த நேரத்தில் சுகமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முன்கம்பில் தோள் கொடுத்த அவருடைய தகப்பனுக்கு வலது தோளில் காய்ப்பு உண்டு. செத்தபோது குளிப்பாட்டியவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த உரிமை அப்படி வந்தது. சொட்டும் தண்ணீரில் வரவில்லை.

அவர் நடந்து போய், முட்டுப்போட்டிருந்த பெண்களைத் தாண்டி, பட்டுத்துணியின் முடிச்சை அவிழ்த்தார். உமி சரிந்தது. ஐஸ் வெயிலில் பளபளத்தது.

"ஐஸு" என்றார். "பிளான்ட்ல இருந்து வந்தது. ஆரும் பிள்ளையளுக்குக் குடிக்கக் குடுக்காதீங்க, சளி பிடிக்கும்."

முட்டுப்போட்டவர்களில் ஒருத்தி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். "அப்பம் எதுக்கு ஓய் ஐஸு?"

"வண்டிய நான் உசத்தச் சொன்னேன். உசத்துனது ஆடிச்சு. கனம் வச்சோம். பேண்ட அடிக்கச் சொல்லுங்க."

இஞ்ஞாசி லாரியிலிருந்து இறங்கி வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் துணியின் ஒரு நுனியைப் பிடித்து நீட்டினார். மத்தியாஸ் மறுநுனியைக் கட்டினார். முடிச்சு இரண்டாம் தடவைதான் விழுந்தது.

பவனி முடிந்து, மாதா இறங்கி, மீதி ஐஸை அடுத்த நாள் மீனுக்கு எடுத்துக்கொண்டார்கள். கமிட்டி எதையும் மாற்றவில்லை. இன்றும் மாதா அந்த வண்டியில்தான் போகிறாள். இரும்புக் கட்டையை மறுவாரமே கழற்றியாகிவிட்டது. அது வீட்டுப் பின்வாசலில், கதவு அடித்துக்கொள்ளாதபடி முட்டாகக் கிடக்கிறது.

குழித்துறைச் சந்தையில் இப்போதும் சிலர், மத்தியாசின் வண்டியில் மாதா கண்ணீர் விட்டாள் என்று சொல்கிறார்கள். விடவில்லை. ஷாஃப்ட் மடங்கி வண்டி ஆடியது, ஐஸ் ஏற்றினார்கள், ஐஸ் உருகியது.