அஜிதாவுக்குப் பதிலாக அப்பா

அஜிதாவுக்கு டெலிபோன் கொம்பனியில் வேலை என்றுதான் அவளுடைய அப்பா தேவதாசன் கோயிலடியில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை. அவள் வேலை செய்த இடத்தில் டெலிபோன் விற்பதுமில்லை, திருத்துவதுமில்லை. மொன்றியல் நகர நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, ஹெட்செற்றை மாட்டி, முன்பின் தெரியாதவர்களைக் கேள்வி கேட்பதுதான் அங்கே வேலை. சவர்க்காரம், வங்கி, தேர்தல் என்று யார் காசு கொடுத்தாலும் அவர்களுக்காகக் கேட்பார்கள். 2006 வைகாசியில் காசு கொடுத்தது ஒரு கல்லூரி.

சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வருடம் வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள், எத்தனை பேர் டிப்ளோமாவோடு வெளியே வந்தார்கள், வந்தவர்கள் படித்த படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்களா, இடையில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கல்லூரிக்குத் தெரியவேண்டியிருந்தது. அஜிதா நேர்சிங் படிக்கப் போய் ஒரு வருடத்தோடு நின்றதும் அதே கல்லூரிதான். அதை அவள் வேலையிடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

முதல் கிழமையிலேயே மேற்பார்வை பார்க்கும் செலீனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. தமிழ் வீடுகளில் பிரெஞ்சில் பேசினால் போனை வைத்துவிடுகிறார்கள். ஆகவே நீளமான பெயர் எது வந்தாலும் கொம்பியூட்டர் அதை அஜிதாவின் பக்கம் தள்ளும்படி செய்துவிட்டாள். அஜிதா விதிப்படி பிரெஞ்சில் தொடங்குவாள். மறுபக்கம் தடுமாறினால் தமிழுக்கு மாறுவாள். அதற்குப் பிறகு அவளைப் பேசவிட மாட்டார்கள்.

ஆனால் பேசுவது பிள்ளை அல்ல. அங்கேதான் எங்கள் ஆட்களைப் பிடிக்க முடியாது. படித்தவன் பக்கத்து அறையிலேயே இருப்பான். கேட்டால், “நான் தேப்பன்தான் கதைக்கிறன், என்னட்டைக் கேளுங்கோ” என்று பதில் வரும். தகப்பன்மார் சொல்லில் எல்லாப் பிள்ளைகளும் படித்து முடித்திருப்பார்கள். எல்லோரும் படித்த துறையிலேயே வேலை செய்வார்கள். பீட்சாக் கடைக்காரன் கணக்காளன் ஆவான், சென்ட் லோரன்ட் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன் என்ஜினியர் ஆவான். கல்லூரிக்காரர்கள் தமிழ்ப் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துப் பூரித்துப்போயிருப்பார்கள். அஜிதா எல்லாவற்றையும் சொன்னபடியே பதிந்தாள். பொய் என்று குறிக்க அந்தத் திரையில் இடமில்லை.

வீட்டில் அவளுக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் தேவதாசன் தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தார். கல்லூரிக்குக் கட்டுவது சொற்பம்தான், வாடகை சொற்பமில்லை. தம்பி றொக்சனுக்கு அப்போது பதினாறு வயது. “தம்பி முடிக்கட்டும் பிள்ளை, பேந்து நீ போ” என்றார் அப்பா. அம்மா றோசா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தலையாட்டினாள். அஜிதா நின்றுவிட்டாள். இப்போது றொக்சன் விமானம் திருத்தும் படிப்பை முடித்து, வேலையும் எடுத்துவிட்டான். கல்லூரி அஜிதாவைத் திரும்பச் சேர்க்கச் சம்மதித்திருந்தது. வருகிறேன், இல்லை என்று ஆனி பிறக்குமுன் அவள் சொல்லவேண்டும். அப்பா தானாக வாய் திறப்பார் என்று காத்திருந்தாள். அவர் றொக்சன் வாங்கப்போகும் காரைப் பற்றியும், நகருக்கு வெளியே டொலார்டில் பார்த்துவைத்த வீட்டைப் பற்றியும்தான் பேசினார்.

அன்று வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகுகிற நேரம். மணி அடித்தது, மறுபக்கம் எடுபட்டது, திரையில் பெயர் விழுந்தது. தேவதாசன், அஜிதா. படிப்பை இடையில் விட்டவர்.

“ஹலோ” என்றார் அப்பா.

பின்னால் ரேடியோ பாடியது. அம்மா குசினியில் எதையோ தாளிக்கும் சத்தமும் கேட்டது. அஜிதாவின் வாய் பழக்கத்தில் தானே ஓடியது. “போன்ஜூர், என் பெயர் நத்தாலி.” அங்கே எல்லோருக்கும் ஒரு போன் பெயர் உண்டு, அவளுடையது நத்தாலி.

“நோ பிரெஞ்ச். இங்கிலீஷ்” என்றார் அவர்.

வழமையாக இந்த இடத்தில்தான் அவள் தமிழுக்கு மாறுவாள். நான்தான் அப்பா என்று ஒரு சொல் போதும், இரண்டு பேரும் சிரித்துவிட்டு வைத்திருப்பார்கள். அவள் மாறவில்லை. ஏன் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. இங்கிலீஷில், மூக்கால் இழுத்து, அஜிதா இருக்கிறாரா என்று கேட்டாள். மகள் இங்கிலீஷ் பேசி அவர் கேட்டதே இல்லை.

“ஐ ஆம் ஃபாதர். யூ ஆஸ்க் மீ.”

கேட்டாள். மகளுக்கு வேலை இருக்கிறதா? இருக்கிறது, பெரிய டெலிபோன் கொம்பனி, பெர்மனன்ட். படிப்பை விட்டதற்கு முக்கியமான காரணம் என்ன? வேலையா, உடல்நலமா, குடும்பப் பொறுப்பா, பணமா, படிப்பில் நாட்டமின்மையா? ஒவ்வொன்றாக வாசித்தாள். அப்பா கொஞ்சம் யோசித்தார். ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது.

“ஷீ நோ லைக் ஸ்டடி” என்றார். “வீ டெல், ஸ்டடி, ஸ்டடி. ஷீ நோ லைக்.”

திரும்பப் படிக்க எண்ணம் உண்டா என்பது கடைசிக் கேள்வி.

“நோ, நோ. ஃபினிஷ்.”

நன்றி சொன்னாள். அவரும் “மெர்சி” என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார். நாட்டமின்மை என்ற கட்டத்தை அழுத்தினாள். இல்லை என்ற கட்டத்தை அழுத்தினாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தாள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, நோகவில்லை. அடுத்த மணி அடித்தது. ஒரு தகப்பன் எடுத்தார். அவருடைய மகனும் என்ஜினியர்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அப்பா தானாகவே சொன்னார்.

“கொலிச்சில இருந்து போன் எடுத்தவை பிள்ளை. உன்ர வேலையைப் பற்றி நல்லாச் சொல்லிவிட்டிருக்கிறன்.”

“ஓம் அப்பா” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்று அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை வேலை இல்லை. காலையில் அப்பா சோபாவில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ரிசீவரை அவள் பக்கம் நீட்டினார்.

“உன்னோடதான் கதைக்கவேணுமாம். விடுறாளில்லை.”

செலீன்தான். பதிந்த அழைப்புகளில் சிலவற்றைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பது அவளுடைய வேலை.

“உன் பெயரைப் பார்த்தேன் அஜிதா. கேட்டேன்” என்றாள் பிரெஞ்சில். குரல் தாழ்ந்திருந்தது. “திங்கட்கிழமை பதில்களைக் கல்லூரிக்குக் கொடுக்கவேண்டும். விதிப்படி படித்தவரிடமே கேட்கவேண்டும். கேட்கட்டுமா?”

“கேள்.”

செலீன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்பின் தெரியாதவளைக் கேட்பதுபோல வாசித்தாள். அப்பா ரேடியோவைக் குறைத்துவிட்டு மகளின் வாயையே பார்த்தார். பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருந்தும் போன்ஜூரையும் மெர்சியையும் தாண்டாதவர். மகள் வெள்ளைக்காரியோடு சரளமாகப் பேசுவதில் அவருக்கு முகமெல்லாம் பெருமை.

படிப்பை விட்டதற்கு முக்கியமான காரணம்?

“அப்பா படுக்கையில் விழுந்தார். தம்பி படிக்கவேண்டியிருந்தது. என்னை நிற்கச் சொன்னார்கள், நின்றேன்” என்றாள் அஜிதா, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே. “எனக்கு அந்தப் படிப்பு நிறையப் பிடித்திருந்தது.”

அப்பா தலையை ஆட்டினார். திரும்பப் படிக்க எண்ணம் உண்டா என்று செலீன் கேட்டாள். அஜிதா ஆம் என்றாள். செலீன் நன்றி சொல்லி வைத்தாள்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“வியாழக்கிழமை உங்களிட்டைக் கேட்டதைத்தான் என்னட்டையும் கேட்டவை. அண்டைக்கு உங்களுக்குப் போன் எடுத்தது நான்தான் அப்பா.”

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் தலையணையைச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே திரும்பவும் சரிசெய்தார். குசினியில் அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“வெளியாருக்கு வேற என்னெண்டு பிள்ளை சொல்லுறது?” என்றார். “வீட்டில ஏலாமப் போச்சு, பெட்டையை மறிச்சனான் எண்டு சொல்லேலுமே?”

“வெளியாருக்குச் சொன்னது சரி அப்பா. எனக்கு என்னெண்டு சொல்லப்போறீங்கள்?”

அவர் மேல் அவளுக்கு அன்பு உண்டு. அது எங்கும் போகவில்லை, ஆனால் அந்த நேரத்தில் அவளால் அதை எட்டித் தொட முடியவில்லை. கோபமும் அப்படித்தான். இரண்டில் ஒன்று வந்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

“தம்பி வரட்டும்” என்றார் கடைசியில். “வீட்டுக் காசும் கட்டவேணும், காரும் எடுக்கிறான். அவனிட்டை ஒரு சொல்லுக் கேப்பம்.”

“கேளுங்கோ” என்றாள் அஜிதா. ரிசீவர் இன்னும் கையிலேயே இருந்தது. அதை அதன் இடத்தில் வைத்தாள். “திரும்பப் படிக்கப்போறியோ எண்டு கேட்டவை. நான் அவைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”